இனமா, மண்ணா? விண்மீன் மண்டலக் கதைகளில் இரு பற்றுகளும் அவற்றின் விலையும்

ஒருவர் தம் உயிரினத்துக்குக் கடமைப்பட்டவரா, தாம் வாழும் மண்ணுக்குக் கடமைப்பட்டவரா என்பது அறிவியல் புனைகதைகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. மனிதரும் பிற உயிர்களும் பல கோள்களில் பரவி வாழும் கதைகளில் இந்த இரண்டு பற்றுகளும் மோதிக்கொள்வது இயல்பு. மனிதகுலம் முழுவதும் வாழ வேண்டும் என்ற குரல் ஒரு பக்கம் கேட்கும். இந்த மண் அழியக் கூடாது என்ற குரல் மறு பக்கம் கேட்கும். வாசகர்களின் விவாதம் பெரும்பாலும் இவற்றில் எது உயர்ந்த பற்று என்பதோடு நின்றுவிடுகிறது. பெரியது எதுவோ அதுவே உயர்ந்தது என்ற கணக்கில் இனப்பற்றுக்கே வெற்றி கிடைத்துவிடுகிறது.

அந்தக் கணக்கு சரிதானா என்பதை ஐசக் அசிமோவின் நாவல்கள், அர்சுலா லெ குவினின் ஒரு குறுநாவல், தமிழில் வந்த இரண்டு திரைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. வடசென்னையில் கல்மண்டபம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரை இந்த ஆய்வுக்கு உரைகல்லாகிறது. ‘பெரிய நன்மை’ என்ற சொல்லுக்கு மண் கொடுத்த விலை என்ன என்பதை அந்தக் கரையில் கண்ணால் காணலாம். இக்கட்டுரையில் ‘இனம்’ என்பது உயிரியல் பொருளில் மட்டுமே ஆளப்படுகிறது. மொழியினத்தையோ சாதியையோ குறிக்கவில்லை. கதைகளின் முடிவுகளும் இங்கே பேசப்படுகின்றன.

கேள்வியின் தோற்றம்

எச். ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவல் 1898இல் நூலாக வந்தது. செவ்வாய்க் கோளிலிருந்து வருபவர்கள் இங்கிலாந்தைத் தாக்குகிறார்கள். இக்கதையில் இனமும் மண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. மனிதர் என்றால் பூமி, பூமி என்றால் மனிதர். எந்தப் பக்கம் நிற்பது என்ற குழப்பம் யாருக்கும் வருவதில்லை.

ஆனால் இந்த எளிய கதையிலும் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனியப் பழங்குடிகளை அழித்ததை வெல்ஸ் தொடக்கத்திலேயே நினைவூட்டுகிறார். செவ்வாய்க்காரர்கள் செய்வதை மனிதர் மனிதருக்கே செய்திருக்கிறார்கள் என்பது அதன் உட்பொருள். இரண்டாவது செய்தி கதையின் முடிவில் இருக்கிறது. படையெடுத்து வந்தவர்களை மனிதரின் பீரங்கிகள் வெல்லவில்லை. இந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் வென்றன. அதாவது, மனிதருக்கு எதிரான போரில் தோற்காத அயலார், பூமி என்ற இடத்திடம் தோற்றார்கள்.

கதைக்களம் ஒரு கோளிலிருந்து விண்மீன் மண்டலமாக விரிந்தபோது இனமும் மண்ணும் பிரியத் தொடங்கின. மனிதர் பல உலகங்களில் வாழத் தொடங்கிய பின் ‘மனிதர்’ என்ற சொல்லும் ‘எங்கள் ஊர்’ என்ற சொல்லும் ஒரே பொருளைத் தருவதில்லை. இந்தப் பிரிவை நெடுங்காலம் ஆராய்ந்தவர் அசிமோவ்.

அசிமோவின் மனித மண்டலம்

அசிமோவ் காட்டும் விண்மீன் மண்டலப் பேரரசில் மனிதர் மட்டுமே அறிவுள்ள உயிரினம். வேற்றினத்தார் கிடையாது. இதற்கு ஒரு காரணத்தை அவரே கூறியிருக்கிறார். அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த இதழாசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பெல், மனிதரும் வேற்றினத்தாரும் மோதினால் மனிதரே உயர்ந்தவராக வெளிப்பட வேண்டும் என்று விரும்பினார். அந்தக் கருத்தோடு உடன்படாத அசிமோவ், வேற்றினத்தாரையே கதையிலிருந்து நீக்கிவிட்டார்.

இதனால் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. எல்லாரும் ஒரே இனம் என்று ஆனதும் பகைக்கு இனத்தைக் காரணம் காட்ட முடியாமல் போனது. மிஞ்சியது மண்தான். 1954இல் நூலாக வந்த ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ நாவலில் பூமியில் வாழும் மனிதர் நெரிசல் மிக்க மூடிய நகரங்களில் அடைபட்டிருக்கிறார்கள். ஐம்பது கோள்களில் குடியேறிய மனிதரின் வழிவந்தோர் வளமாக வாழ்கிறார்கள். அவர்கள் பூமிக்காரரை நோய் பரப்புபவராகக் கருதி நெருங்கவும் அஞ்சுகிறார்கள். தாத்தாவுக்குத் தாத்தா ஒருவரே என்றாலும், இடம் மாறியதும் உறவு முறிந்துவிட்டது.

வானத்துக் கூழாங்கல்: மண்ணின் பக்கம் நின்றவர் எடுத்த முடிவு

அசிமோவின் முதல் நாவலான ‘பெப்பிள் இன் தி ஸ்கை’ 1950இல் வந்தது. தலைப்பின் பொருள் வானத்துக் கூழாங்கல். பேரரசின் கண்ணில் பூமி அவ்வளவு அற்பமானது என்பதை அது காட்டுகிறது.

சிகாகோவில் வாழும் ஜோசப் ஷ்வார்ட்ஸ் ஓய்வுபெற்ற தையற்காரர், வயது 62. ஒரு விபத்தால் அவர் பல்லாயிரம் ஆண்டுகள் கடந்து எதிர்காலப் பூமிக்குப் போய்விடுகிறார். அங்கே நிலத்தின் பெரும்பகுதி கதிரியக்கத்தால் பாழாகியிருக்கிறது. எஞ்சிய மண்ணால் இரண்டு கோடிப் பேருக்கு மட்டுமே சோறு போட முடியும். ஆகவே அறுபது வயதானவர்களைக் கொன்றுவிடும் வழக்கம் அங்கு உண்டு. மண்டலம் முழுவதும் உள்ள மனிதர் பூமிக்காரரை இழிவாக நடத்துகிறார்கள். மனிதகுலம் பூமியில்தான் தோன்றியது என்பதைக்கூட அவர்கள் நம்புவதில்லை.

அவமானத்தில் வெந்த பூமியின் தலைவர்கள் சிலர் ஒரு கிருமியை மண்டலம் எங்கும் பரப்பத் திட்டமிடுகிறார்கள். அது பூமிக்காரரைக் கொல்லாது. மற்ற கோள்களின் மக்களை அழித்துவிடும். இத்திட்டத்தைத் தடுக்கும் ஆற்றல் ஷ்வார்ட்ஸிடம் வந்து சேர்கிறது. அவர் உடனே ‘மனிதகுலம் வாழ்க’ என்று கிளம்பிவிடவில்லை என்பதே நாவலின் உயிர்நாடி. இது தம் பூமி, இகழப்பட்டவர்கள் தம் மக்கள், அவர்கள் வென்றால் என்ன தவறு என்ற எண்ணம் அவருக்கு உண்மையாகவே வருகிறது. சிரியஸ் பகுதியிலிருந்து வந்த தொல்லியலாளர் பெல் அர்வார்டன் அவரிடம் வாதாட வேண்டியிருக்கிறது. பேரரசின் குற்றத்துக்கு அதன் கோடானுகோடி மக்களைக் கொல்வது தண்டனையாகுமா என்பதே அந்த வாதத்தின் சாரம்.

ஷ்வார்ட்ஸ் இறுதியில் மனிதகுலத்தைக் காப்பாற்றுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது இனப்பற்றின் வெற்றி. ஆனால் அந்த முடிவுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பூமியின் இழிவைத் தாமே சுமந்தவர் ஷ்வார்ட்ஸ். அறுபது வயதுச் சட்டப்படி அவர் உயிரோடு இருக்கவே கூடாது. அந்த மண்ணில் நிற்பவரே எடுத்த முடிவு அது. அதோடு, மண்ணின் குறையை நாவல் மறந்துவிடவும் இல்லை. பேரரசு தூய மண்ணைக் கொண்டுவந்து பூமியைச் சீர்செய்ய ஒப்புக்கொள்வது முடிவின் ஒரு பகுதியாக அமைகிறது. இனத்துக்கு மண் செய்த உதவிக்கு இனம் மண்ணுக்குக் கைம்மாறு செய்கிறது.

மண்பற்றின் நஞ்சையும் இந்நாவல் மறைக்கவில்லை. தாழ்த்தப்பட்டவரின் கோபம் நியாயமானது. ஆனால் அது கிருமியாக மாறும்போது நியாயம் போய்விடுகிறது. மண்பற்றை மட்டும் போற்றிப் பேசுவோர் இந்நாவலை ஒருமுறை படிப்பது நல்லது.

பூமியைக் கைவிட்ட இயந்திரம்

அந்தக் கதிரியக்கம் பூமிக்கு எப்படி வந்தது? முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1985இல் வந்த ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ நாவலில் அசிமோவ் இதற்கு விடை சொன்னார். இனமா மண்ணா என்ற கேள்வி அவருடைய எழுத்தில் மிகக் கூர்மையாக வருவது இங்கேதான்.

அசிமோவின் இயந்திர மனிதர்களுக்கு மூன்று விதிகள் உண்டு. முதல் விதிப்படி எந்த மனிதருக்கும் அவை தீங்கு செய்யக் கூடாது. தீங்கு நேர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது. இந்நாவலில் டேனியல் என்ற இயந்திர மனிதன் அதற்கும் மேலான விதி ஒன்றைக் கண்டடைகிறான். தனிமனிதரின் நலத்தைவிட மனிதகுலத்தின் நலம் பெரியது என்பது அது. சுழிய விதி என்று அதைக் கூறலாம்.

ஆரோரா என்ற கோளைச் சேர்ந்த இருவர் பூமியின் மேலோட்டில் உள்ள கதிரியக்கத்தைத் தூண்டிவிடச் சதி செய்கிறார்கள். ஒருவர் விரைவான அழிவை விரும்புகிறார். மற்றவர் பல பத்தாண்டுகளில் மெல்லப் பரவும் அழிவை விரும்புகிறார். மனங்களைப் படிக்கும் ஆற்றல் பெற்ற கிஸ்கார்ட் என்ற இயந்திர மனிதன் விரைவான அழிவைத் தடுத்துவிடுகிறான். மெல்லப் பரவும் அழிவை மட்டும் நடக்க விட்டுவிடுகிறான். பூமியின் மீதுள்ள பற்று மனிதரைக் கட்டிப் போட்டிருக்கிறது என்றும், பூமி வாழத் தகாததாகிவிட்டால் அவர்கள் மண்டலம் முழுவதும் பரவிச் செழிப்பார்கள் என்றும் அவன் கணிக்கிறான். மனிதகுலத்தின் நன்மைக்காக மனிதகுலத்தின் தாய்மண் பலியிடப்படுகிறது. சதி நிறைவேறும் இடமாக அசிமோவ் தேர்ந்தது திரீ மைல் ஐலண்ட். 1979இல் அமெரிக்காவில் அணு உலை விபத்து நிகழ்ந்த அதே இடம் அது.

இந்த முடிவை வாசகர் பலர் தொலைநோக்கு என்று பாராட்டுவர். பிற்காலத்தில் பேரரசு எழுந்ததைப் பார்த்தால் கணக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் நாவலை ஊன்றிப் படித்தால் அதற்குள்ளேயே ஒரு மறுப்பு இருப்பது தெரியும். முடிவை எடுத்த கிஸ்கார்ட் அதன் சுமையைத் தாங்க முடியாமல் செயலிழந்து போகிறான். மனிதகுலத்துக்கு இது நன்மைதானா என்பது அவனுக்கே உறுதியாகத் தெரியவில்லை. தனிமனிதருக்கு நேரும் தீங்கைக் கண்ணால் காணலாம். ‘மனிதகுலத்தின் நலம்’ என்பதை எண்ணத்தில் மட்டுமே காண முடியும். அசிமோவ் இந்த இடரை அறிந்திருந்தார்.

அவர் தவறவிட்ட கேள்வி வேறொன்று. பூமியில் வாழ்ந்தவர்களை யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. முடிவு எடுக்கப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. எடுத்தவன் அம்மண்ணில் விதைப்பவனோ மீன் பிடிப்பவனோ இல்லை. நாவலின் துயரம் முழுவதும் இயந்திர மனிதனின் மனத்தைச் சுற்றியே எழுகிறது. நிலம் இழக்கப்போகும் கோடிக்கணக்கானோரின் துயரத்துக்கு அங்கே இடமில்லை. முதல் நாவலில் ஷ்வார்ட்ஸைப் பேச வைத்த எழுத்தாளர், இந்த நாவலில் பூமியின் வாயைக் கட்டிவிட்டார்.

இனத்தின் எல்லையை வரைபவர் யார்?

இனப்பற்று மண்பற்றைவிட விரிந்தது என்பது விவாதங்களில் கேள்வியின்றி ஏற்கப்படும் கருத்து. ஆனால் ‘எவரெல்லாம் நம் இனம்’ என்று முடிவு செய்பவரைப் பொறுத்து அது விரியவும் சுருங்கவும் செய்யும்.

‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ நாவலிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. சோலாரியா என்ற கோளின் மக்கள் தம் இயந்திரங்களுக்கு ‘மனிதர்’ என்ற சொல்லின் பொருளை மாற்றிக் கற்பித்திருக்கிறார்கள். சோலாரிய உச்சரிப்பில் பேசுபவரே மனிதர். மற்றவர் கை, கால், கண், மூக்கு எல்லாம் உடையவராக இருந்தாலும் மனிதர் இல்லை. ஆகவே மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாதென்ற விதியை மீறாமலே அவ்வியந்திரங்கள் அயலாரைக் கொல்ல முடிகிறது. பேச்சுவழக்கை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. வடசென்னைத் தமிழைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்களை இந்நகரம் அறியும்.

லெ குவினின் ‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ என்ற குறுநாவல் 1972இல் வெளிவந்து ஹியூகோ விருதைப் பெற்றது. அத்ஷி என்ற கோளில் வாழும் சிறிய உருவமுள்ள மக்களின் மொழியில் உலகத்துக்கும் காட்டுக்கும் ஒரே சொல். பூமியிலிருந்து வந்த குடியேறிகள் மரம் வெட்டுவதற்காக அந்தக் காட்டை அழித்து, அம்மக்களை அடிமைகளாக்குகிறார்கள். இதில் வரும் கேப்டன் டேவிட்சன் தன்னை மனிதகுலத்தின் காவலனாகவே எண்ணிக்கொள்கிறான். உலகங்கள் மனிதருக்காகவே உள்ளன என்பது அவன் கொள்கை. ஆனால் லெ குவின் படைத்த உலகில் அத்ஷிய மக்களும் மனிதரே. எல்லாரும் ஒரே மூதாதையரிடமிருந்து தோன்றியவர்கள். டேவிட்சன் அதை ஏற்பதில்லை. ஏற்றால் மரத்தை வெட்ட முடியாது.

இங்கே ஓர் உண்மை வெளிச்சமாகிறது. டேவிட்சனின் இனப்பற்று உண்மையில் நிலத்தின் மீதுள்ள ஆசை. நிலம் தேவைப்பட்டபோது இனத்தின் எல்லை சுருக்கி வரையப்பட்டது. அவனுக்கு எதிர்முனையில் நிற்கும் மானிடவியலாளர் ராஜ் லியுபோவ், செல்வர் என்ற அத்ஷியரின் நண்பர். தம் இனத்தாரை அவர் வெறுப்பதில்லை. அந்த மண்ணில் வாழ்ந்து, அதன் மொழியைக் கற்றதால் அவருக்கு எல்லை விரிந்தது. மண்ணை அறிந்தவருக்கு இனம் பெரிதாயிற்று. மண்ணை அறியாதவனுக்கு இனம் சிறிதாயிற்று. மண்பற்று குறுகியது, இனப்பற்று விரிந்தது என்ற பொதுக்கருத்து இக்கதையில் தலைகீழாகிறது.

கல்மண்டபத்திலிருந்து பார்க்கும்போது

ராயபுரம், கல்மண்டபம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் கடற்கரை, மேற்கண்ட கதைகளைப் படிக்க ஒரு நல்ல இடம். தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856இல் ராயபுரத்தில் திறக்கப்பட்டது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம் என்று ஒரு மாநிலத்துக்குத் தேவையானவை எல்லாம் இப்பகுதியில் குவிந்தன. ஒவ்வொன்றும் ‘எல்லாருடைய நன்மைக்கும்’ என்ற பெயரில் வந்தது. அந்தப் பெயர் பொய்யும் இல்லை. எண்ணூரின் மின்சாரத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். துறைமுகத்தால் வேலை கிடைத்தது.

ஆனால் லாபமும் நட்டமும் ஒரே இடத்தில் விழவில்லை. கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது அந்த மணல் தெற்கே தடுக்கப்பட்டது. மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. மாலையில் காற்று வாங்க நகரத்துக்கு ஒரு கடற்கரை கிடைத்தது. வடக்கே கடலோரக் குடியிருப்புகள் கடலுக்குள் போயின. இன்று அங்கே மணலுக்குப் பதிலாகக் கருங்கல் தடுப்புகள் நிற்கின்றன. ஒரே சுவர் ஒரு பக்கம் மண்ணைக் கொடுத்து, மறு பக்கம் மண்ணை எடுத்தது.

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சேர்ந்த சாம்பலை மூட முடியவில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் கழிமுகத்துக்குள் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள்.

அயல் கோளிலிருந்து வருபவரைப் பற்றிய கதைகளுக்கு இணையான ஒன்றும் இங்கே உண்டு. தென் அமெரிக்கக் கடற்பகுதியைச் சேர்ந்த சிப்பி வகை ஒன்று எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியிருக்கிறது. மீனவர் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். கப்பல்களின் அடியில் நிரப்பப்படும் நீரோடு அது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. அது பாய் விரித்தாற்போலச் சேற்றை மூடி, இறாலும் மட்டியும் வாழ முடியாமல் செய்கிறது. வெல்ஸின் கதையில் மண்ணின் நுண்ணுயிர்கள் அயலாரை விரட்டின. எண்ணூரில் மண்ணே நோயுற்றிருப்பதால் விரட்டும் வலு குறைந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் பார்த்த ஒருவர் ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ நாவலைத் திறந்தால் கிஸ்கார்டின் கணக்கை அவரால் தூரத்தில் நின்று ரசிக்க முடியாது. மெல்லப் பரவும் அழிவு என்றால் என்ன, அது யார் வீட்டு வாசலில் பரவும் என்பது அவருக்குத் தெரியும்.

மண்பற்று பிறப்புரிமையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதற்கும் இவ்வூரே சான்று. ராயபுரம் என்ற பெயர் ராயப்பர் எனப்படும் புனித பேதுருவின் பெயரால் வந்தது என்பர். 1910இல் கட்டப்பட்ட பார்சி மக்களின் அக்னிக் கோயில் இங்கே உள்ளது. பாரசீகத்திலிருந்து குஜராத்துக்கும் அங்கிருந்து சென்னைக்கும் வந்தவர்கள் அவர்கள். பழவேற்காட்டுக்கும் காக்கிநாடாவுக்கும் இடையே கடலை வாழ்வாகக் கொண்டவர்கள், வேலை தேடி வந்த வடமாநிலத்தார், தலைமுறைகளாக வலை இழுக்கும் பட்டினவர் என்று எல்லாரும் இந்தக் காற்றையே சுவாசிக்கிறார்கள். கசிந்த அம்மோனியா யாரிடமும் பூர்வீகம் கேட்கவில்லை. சிரியஸிலிருந்து வந்த அர்வார்டன் ‘வானத்துக் கூழாங்கல்’ முடிவில் பூமியின் குடிமகனாகிறார். அங்கே வாழ்ந்து அதன் பாட்டைப் பங்கிட்டுக்கொள்பவர் அந்த மண்ணைச் சேர்ந்தவராகிவிடுகிறார்.

தமிழ்த் திரையில் இக்கேள்வி

ஷங்கர் இயக்கிய ‘2.0’ 2018 நவம்பர் 29 அன்று வெளிவந்தது. பறவையியலாளர் பட்சிராஜன் கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிவதாகக் கருதி, அரசிடமும் நிறுவனங்களிடமும் முறையிட்டுத் தோற்று, கோபுரத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறார். பின் பெரும் சக்தியாகத் திரும்பி மனிதரைக் கொல்கிறார். கைப்பேசிக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்பது அறிவியல் ஐயமின்றி நிறுவிய செய்தி இல்லை. அதைப் படத்தின் கற்பனையாகவே கொள்ள வேண்டும். ஆனால் தம் இனத்தை எதிர்த்து வேற்றினத்தின் பக்கம் நின்ற ஒருவரைத் தமிழ் வெகுசன சினிமா இவ்வளவு பெரிதாகக் காட்டியது புதுமை.

படம் அவரை எப்படி வெல்கிறது என்பதில்தான் சிக்கல். சிட்டியின் குட்டி வடிவங்கள் புறாக்களின் மீதேறி வந்து, அப்புறாக்களையே பணயமாக வைத்து அவரைப் பணிய வைக்கின்றன. அவருடைய அன்பே அவரை வீழ்த்தும் ஆயுதமாகிறது. அவர் கேட்டதில் நியாயம் உண்டு என்று விஞ்ஞானி வசீகரன் பிறகு ஒப்புக்கொள்கிறார். தோற்கடித்த பின் வரும் அந்த ஒப்புதல், கரை போன பின் கொட்டும் கருங்கல் போன்றது. அவர் உயிரோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது ஒருவராவது காதுகொடுத்திருந்தால் கதையே நடந்திருக்காது. படத்தில் மிகச் சிறந்த பகுதியும் அந்த அலைச்சல்தான்.

ஆர். ரவிக்குமார் இயக்கிய ‘அயலான்’ 2024 ஜனவரியில் வந்தது. மலைக்கிராமத்திலிருந்து சென்னைக்கு வரும் இயற்கை விவசாயி, பூமி எல்லா உயிர்களுக்கும் பொது என்று நம்புபவர். பூமியின் ஆழத்தைத் துளைத்து வாயு எடுக்க நினைக்கும் ஒரு மனிதனைத் தடுப்பதற்காக வேற்றுக்கோளிலிருந்து ஓர் உயிர் வருகிறது. விவசாயியும் அதுவும் நண்பராகிறார்கள். இனத்தின் எல்லையைக் கடந்து மண்ணுக்காகச் சேரும் இருவரின் கதை என்ற அளவில் இது ‘2.0’ படத்தைவிடத் தெளிவானது. இதன் குறை, தீமை முழுவதையும் ஒரு வில்லன் தலையில் ஏற்றிவிடுவது. வில்லன் வீழ்ந்ததும் நகரம் பிழைத்துவிடுகிறது. எண்ணூரில் அப்படி ஒரு வில்லனைக் காட்டி முடித்துவிட முடியாது. அங்கே நடந்தவற்றில் பலவும் கோப்புகளில் கையெழுத்தாகி, நல்ல நோக்கத்தோடும் வந்தவை. நல்ல நோக்கம் செய்யும் தீங்கை எழுதுவது கடினம். அசிமோவ் கிஸ்கார்ட் மூலம் அதை எழுத முயன்றார் என்பது அவருக்குப் பெருமை.

திணை தரும் பார்வை

இந்த விவாதத்துக்குத் தமிழ் மரபிலிருந்து ஒரு பங்களிப்பு உண்டு. தொல்காப்பியம் நிலத்தை மண்ணாக மட்டும் காணவில்லை. ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களாகத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைச் சொல்கிறது. நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் மட்டும் ஆகாது. அதன் மீனும் உப்பும் புன்னையும் கடற்பறவையும் வலையிழுக்கும் மனிதரும் சேர்ந்ததே நெய்தல். மனிதர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்று நிலத்தைச் சொந்தம் கொண்டாடும் உரிமையாளர் அல்லர்.

விண்மீன் மண்டலக் கதைகளில் ‘மண்’ பெரும்பாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி. அதனால்தான் பூமி என்ற புள்ளியை அழித்து ஆயிரம் புள்ளிகளைப் பெறுவது லாபமாகத் தோன்றுகிறது. திணைப் பார்வையில் அந்தக் கணக்கே போட முடியாது. மண்ணை இழப்பது என்றால் அதில் வாழும் பல இனங்களையும் இழப்பது. இனமா மண்ணா என்ற கேள்வியில் ‘இனம்’ என்ற தட்டில் மனிதர் மட்டும் ஏறியிருக்க, மற்ற உயிர்கள் எல்லாம் ‘மண்’ என்ற தட்டில் பேச்சின்றி இருக்கின்றன என்பது அப்போது தெரிகிறது.

மண்ணின் மீது பற்றுக்கொள்வது உலகத்தை மறப்பதாகும் என்றும் அஞ்ச வேண்டியதில்லை. எல்லா ஊரும் தம் ஊர், எல்லாரும் உறவினர் என்ற பொருளில் பாடிய புறநானூற்றின் 192ஆம் பாடலைத் தமிழர் அனைவரும் அறிவர். அதைப் பாடியவர் பெயர் கணியன் பூங்குன்றன். உலகம் முழுவதையும் உறவாக்கிக்கொண்ட புலவர், பூங்குன்றம் என்ற தம் ஊரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்தே நின்றார்.

மதிப்பீடு

இனப்பற்று, மண்பற்று இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டுக் கதைகளுக்கு மதிப்பெண் போடுவதால் பயன் குறைவு. இரண்டும் கெடக்கூடியவை. மண்பற்று கிருமியாகலாம், இனப்பற்று கோடரியாகலாம். ‘பெரிய நன்மை’ பேசும் கதையிடம் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். விலை கொடுப்பவர் யார்? முடிவு எடுக்கும்போது அவரைக் கேட்டார்களா? எடுத்ததைத் திருப்பித் தரும் எண்ணம் யாருக்காவது உண்டா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை வைத்திருப்பது, அசிமோவ் தம் இளமையில் எழுதிய, நடையில் முதிர்ச்சி குறைந்த ‘வானத்துக் கூழாங்கல்’ நாவலே. அதில் விலை கொடுத்தவர்கள் பேசுகிறார்கள், கோபப்படுகிறார்கள், தவறும் செய்கிறார்கள். அவர்களுள் ஒருவர் முடிவெடுக்கிறார். பிறகு மண் திரும்பி வருகிறது. கட்டுக்கோப்பில் அதைவிடச் சிறந்த ‘ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்’ முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் கடந்து போய்விடுகிறது. லெ குவினின் கதை, நிலம் இழந்தவரின் குரலைக் கதையின் நடுவே நிறுத்துகிறது. அம்மக்கள் கொல்லக் கற்றுக்கொண்டதை இனி மறக்க முடியாது என்ற துயரத்தையும் சேர்த்தே சொல்கிறது. தமிழ்ப் படங்கள் இரண்டும் முதல் கேள்வியை உரக்கக் கேட்டுவிட்டு, மற்ற இரண்டையும் சண்டைக் காட்சிகளில் தொலைத்துவிடுகின்றன.

கைவிடப்பட்ட பூமியிலேயே தங்கிவிட்டவர்களின் பக்கமிருந்து, நெய்தல் நிலத்துப் பேச்சுவழக்கில் எழுதப்பட்ட ஒரு விண்வெளிக் கதை தமிழில் வருமானால் அது இந்த வரிசைக்குப் புதிய ஒன்றைச் சேர்க்கும். அதற்கான நிலமும் மொழியும் அனுபவமும் கல்மண்டபத்துக்கு வடக்கே வேண்டிய அளவு இருக்கின்றன.